நாதுலா: மேகத்துக்குள்ள ஒரு சந்தை!

சென்னையில இருந்து சீனா எவ்வளவு தூரம்? மேப்பை எடுத்து ஸ்கேல் வெச்சு அளந்தா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வரும். அதே கேள்வியை சிக்கிம்ல இருக்கிற நாதுலா கணவாயில நின்னு கேட்டுப் பாருங்க. பதில், ஒரே ஒரு கம்பி வேலி!

வேலிக்கு இந்தப் பக்கம் நம்ம ஜவான். அந்தப் பக்கம் சீன ராணுவ வீரர். நடுவுல ஒரு கேட். உலகத்துலயே ஜனத்தொகை அதிகமான ரெண்டு நாடுகள் இங்கே எதிர் வீட்டுக்காரங்க மாதிரி முகத்துக்கு முகம் பார்த்துக்கிட்டு நிக்குது. எகனாமிக்ஸ் புக்ல 'இருதரப்பு வர்த்தகம்'னு ஒரு பாடம் வருமே, பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் பண்ணிட்டு மறுநாள் மறந்துடுவோமே... அந்தப் பாடத்தை ஒரே நாள்ல புரிய வைக்கிற இடம் இது. கொஞ்சம் குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டு வாங்க, போலாம்!

மலையேறும் வழி

முதல்ல நியூ ஜல்பைகுரி ஸ்டேஷன்ல இறங்கணும். பக்கத்துலயே சிலிகுரி. அங்கிருந்து கேங்டாக் சுமார் 120 கிலோமீட்டர். ஷேர் ஜீப் கிடைக்கும். வழி நெடுக தீஸ்தா ஆறு கூடவே வரும். மழைக்காலமா இருந்தா மண்சரிவும் கூடவே வரும், ஜாக்கிரதை. ரங்போ செக்போஸ்ட்டைத் தாண்டினா சிக்கிம்.

கேங்டாக்ல ராத்திரி தங்கி, எம்.ஜி. மார்க்ல மோமோவும் துக்பாவும் சாப்பிட்டுட்டு, காலையில சீக்கிரம் கிளம்பிடணும். அங்கிருந்து நாதுலா ஐம்பத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா 'என்ன பெரிய தூரம், ஒரு மணி நேரத்துல போயிடலாம்'னு நம்ம ஊர் ஹைவே கணக்கு போட்டா தப்பு. ரோடு பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் அதல பாதாளம். ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டவங்க எல்லாம் பாதி வழியில கண்ணை மூடிக்குவாங்க.

சுமார் 12,300 அடி உயரத்துல சோம்கோ ஏரி. குளிர்காலத்துல ஏரி முழுக்க உறைஞ்சு கண்ணாடி மாதிரி கிடக்கும். கரையில கொம்புக்கு ரிப்பன் கட்டின யாக் மாடுகள் நம்மளைச் சுமக்க ரெடியா நிக்கும். அதையும் தாண்டி மேலே போனா, 14,140 அடியில நாதுலா. திபெத்திய மொழியில 'லா'ன்னா கணவாய். அதனால 'நாதுலா கணவாய்'னு சொல்றது, 'கேட்டு வாசல் கேட்டு'ன்னு சொல்ற மாதிரிதான். பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, நாமும் சொல்வோம்.

கடைசியா கொஞ்சம் படிக்கட்டு இருக்கு. காலேஜ்ல மூணாவது மாடிக்கு ஓடியே ஏறுற ஆளா நீங்க? இங்கே பத்துப் படிக்கு ஒரு தடவை நின்னு மூச்சு வாங்குவீங்க. ஆக்சிஜன் அவ்வளவு கம்மி.

கழுதை முதுகில் கார்!

மேலே ஏறினதும் எல்லாரும் தேடுறது சீன வீரரைத்தான். அது முடிஞ்சதும், அப்படியே திரும்பி நீங்க வந்த பாதையைப் பாருங்க. பட்டுச் சாலை பத்திப் படிச்சிருப்பீங்களே, அதோட தெற்குக் கிளைகள்ல ஒண்ணு இந்தப் பாதை.

நூறு வருஷத்துக்கு முன்னாடி, வாகனம் போக முடியாத இந்த மலைகள்ல கோவேறு கழுதைகள்தான் லாரி. திபெத்துல இருந்து கம்பளி மூட்டை இந்த நாதுலா வழியாவும், பக்கத்துல இருக்கிற ஜெலப்லா வழியாவும் காலிம்போங் வந்து சேரும். அங்கே இருந்து கல்கத்தா. கல்கத்தாவுல இருந்து கப்பல் ஏறி அமெரிக்கா வரைக்கும்கூடப் போச்சு. திரும்பிப் போற கழுதைங்க சும்மா போகாது. துணி, சர்க்கரை, பாத்திரம், வாட்ச்னு லாசாவுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் ஏத்திக்கிட்டுப் போகும். ராஜஸ்தான்ல இருந்து வந்த மார்வாடி வியாபாரிகள் கேங்டாக், காலிம்போங், யாதுங்னு கடை போட்டு உட்கார்ந்தாங்க.

இதுல சூப்பர் மேட்டர் ஒண்ணு. 13-வது தலாய் லாமாவுக்கு ஆஸ்டின் கார் மேல ஆசை. லாசாவுக்கோ ரோடே கிடையாது. என்ன பண்ணினாங்க? காரைப் பாகம் பாகமாக் கழட்டி, ஆள் சுமையாவும் கழுதை மேலயும் ஏத்தி இமயமலையைத் தாண்டிக் கொண்டுபோய், அங்கே மறுபடியும் மாட்டினாங்க! ஹோம் டெலிவரின்னா இதுதான் ஹோம் டெலிவரி.

1950-களின் தொடக்கத்துல சீன ராணுவம் திபெத்துக்குள்ள வந்தப்போ, அவங்க வீரர்களுக்கான அரிசிகூட கல்கத்தா துறைமுகத்துல இறங்கி, இந்த மலைப்பாதை வழியாத்தான் போச்சு. சீனாவோட உள்நாட்டு ஊர்கள்ல இருந்து லாசாவுக்கு மூட்டை அனுப்புறதைவிட இந்த வழி அவ்வளவு சுலபமா இருந்துச்சு. 1954 ஏப்ரல் 29-ல் ரெண்டு நாடும் போட்ட பஞ்சசீல ஒப்பந்தத்தைப் படிச்சிருப்பீங்க. அது அடிப்படையில திபெத்தோட வியாபாரம், போக்குவரத்து பத்தின ஒப்பந்தம்தான். யாதுங்ல நமக்கு ஒரு வர்த்தக அலுவலகம், காலிம்போங்ல அவங்களுக்கு ஒண்ணுன்னு அதுல எழுதியிருக்கு. 1958-ல் நேரு பூட்டான் போறப்போ இந்த நாதுலாவைக் கடந்து, சும்பி பள்ளத்தாக்கு வழியாத்தான் போனார்.

1962 போரோட எல்லாம் முடிஞ்சுது. கேட் மூடியாச்சு. 1967 செப்டம்பர்ல இதே இடத்துல, வேலி போடுற தகராறுல பீரங்கிச் சண்டையே நடந்துச்சு. ரெண்டு பக்கமும் நிறைய உயிர்ப்பலி. நீங்க நின்னு வேடிக்கை பார்க்கிற இடம் அது.

44 வருஷம் கழிச்சு...

2003-ல் பிரதமர் வாஜ்பாய் பெய்ஜிங் போனப்போ, நாதுலாவைத் திறக்க ஒப்பந்தம் ஆச்சு. சிக்கிம் இந்தியாவோட பகுதின்னு சீனா மறைமுகமா ஒத்துக்கிட்டதுக்கு அது ஒரு அடையாளம்னு டெல்லியில சந்தோஷப்பட்டாங்க. 2006 ஜூலை 6, குளிர்லயும் மழையிலயும் ரிப்பன் கட் பண்ணினாங்க. 44 வருஷத்துக்கு அப்புறம் கேட் திறந்துச்சு.

நம்ம பக்கம் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே ஷெராதாங்ல ஒரு சந்தை. அவங்க பக்கம் ரின்சென்காங்ல ஒரு சந்தை. காலையில போய் வித்துட்டு, வாங்கிட்டு, சாயங்காலத்துக்குள்ள ஊர் திரும்பிடணும். வருஷத்துல பனி இல்லாத மாசங்கள்ல மட்டும், அதுவும் வாரத்துல நாலு நாள். ஒரு குழு 2005-ல் கணக்கு போட்டு, 'நல்லா நடத்தினா பத்து வருஷத்துல ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வியாபாரம் ஆகும்'னு சொல்லிடுச்சு. சிக்கிம் முழுக்கக் கனவு. ஹோட்டல் வரும், குடோன் வரும், லாசாவுக்கு பஸ் விடுவாங்க...

முதல் சீசன் முடிஞ்சப்போ நடந்த மொத்த வியாபாரம், ரெண்டு பக்கமும் சேர்த்து, சுமார் 20 லட்சம் ரூபாய். நம்ம ஊர்ல ஒரு நல்ல மளிகைக்கடை பண்ற பிசினஸ்!

ஏன் இப்படி ஆச்சு? லிஸ்ட்டைப் பார்த்தா புரிஞ்சுடும். நாம விக்கலாம்னு அனுமதிச்சது 29 பொருள். போர்வை, செம்புச் சாமான், டீ, அரிசி, மாவு, வெல்லம், கல்கண்டு, மூக்குப்பொடி, மண்ணெண்ணெய், வாட்ச், ஷூ... அவங்ககிட்ட நாம வாங்கலாம்னு அனுமதிச்சது 15. ஆட்டுத்தோல், கம்பளி, யாக் வால், யாக் முடி, வெண்ணெய், உப்பு, உயிரோட ஆடு, உயிரோட குதிரை. அப்புறம் பேரே வாயில நுழையாத ஒரு தாது. (யாக் வாலை வெச்சு என்ன பண்றதுன்னு யோசிக்கிறீங்களா? சாமி புறப்பாட்டுல வீசுற வெண்சாமரம் அதுல செய்றதுதான்!)

2006-ல் உலகத்துக்கே டிவிடி பிளேயர் வித்துக்கிட்டு இருந்த நாட்டுகிட்ட நாம 'குதிரை இருக்கா, உப்பு இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டு நின்னோம். அந்த லிஸ்ட்டோட வேர் 1990-களின் தொடக்கத்துல உத்தரகாண்ட் லிபுலேக், இமாச்சல் ஷிப்கிலா வழிகளைத் திறந்தப்போ போட்ட பழைய பட்டியல்ல இருக்கு. அதுவே பாதி கழுதை காலத்து லிஸ்ட்தான். அதோட, சிக்கிம்வாசிகளுக்கு மட்டும்தான் வியாபார பாஸ். ஒரு ஆள் ஒரு தடவைக்கு 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல சரக்கு கொண்டுபோகக் கூடாதுன்னு ஆரம்பத்துல உச்சவரம்பு வேற. பின்னாடி அதை 2 லட்சம் வரைக்கும் உயர்த்தினாங்க. 2012-ல் ரெடிமேட் துணி, ஷூ, கார்ப்பெட் மாதிரி சில ஐட்டங்களையும் லிஸ்ட்ல சேர்த்தாங்க. வியாபாரமும் மெதுவா கோடிகளுக்கு வந்துச்சு. ஆனா கனவுல பார்த்த ஆயிரம் கோடி வரவே இல்லை.

கேட் திறக்கிறதுக்கு அஞ்சே நாள் முன்னாடி இன்னொரு விஷயம் நடந்திருந்துச்சு. 2006 ஜூலை 1, லாசாவுக்கு சீனா ரயில் விட்டாச்சு! ஒரு காலத்துல லாசா கடைக்காரருக்கு கல்கத்தாதான் பக்கம். சுமார் 1,200 கிலோமீட்டர். பெய்ஜிங் 3,700 கிலோமீட்டருக்கும் மேல. ஆனா தண்டவாளம் வந்த பிறகு தூரம் எங்கே கணக்கு? சரக்கு ரயில்ல வந்து இறங்கும்போது, கேங்டாக் ஜீப்புக்கு அவர் ஏன் காத்திருக்கணும்?

ஆறு விநாடி

'அப்போ இந்தியா - சீனா வியாபாரம் ஃப்ளாப்பா?'ன்னு கேட்டா, அங்கேதான் ட்விஸ்ட். அது சூப்பர் ஹிட். ஆனா மலை வழியா இல்லை, கடல் வழியா.

2000-ல் ரெண்டு நாட்டுக்கும் நடுவுல நடந்த வியாபாரம் 300 கோடி டாலருக்கும் கம்மி. 2024-25 நிதியாண்டுல அது சுமார் 12,770 கோடி டாலர். ரூபாய்க்கு மாத்தி, 365 நாளால வகுத்து, 24-ஆல வகுத்து, 60-ஆல வகுத்துப் பாருங்க. நிமிஷத்துக்கு ரெண்டு கோடி ரூபாய் வருது! அதாவது நாதுலாவுல 2006 சீசன் முழுக்க, குளிர்ல நடுங்கிக்கிட்டு நடந்த அந்த 20 லட்சம் ரூபாய் வியாபாரம், இன்னிக்குக் கடல் வழியில வெறும் ஆறு விநாடி. இந்த வரியை நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

ஆனா அந்த 12,770 கோடி டாலர்ல நாம சீனாவுக்கு வித்தது சுமார் 1,425 கோடி டாலர்தான். வாங்கினது 11,345 கோடி. பற்றாக்குறை கிட்டத்தட்ட 9,920 கோடி டாலர். நாம அனுப்புறது இரும்புத்தாது, நாப்தா, பருத்தி நூல், இறால், கிரானைட். அவங்க அனுப்புறது லேப்டாப், மொபைல் பாகங்கள், மெஷின்கள், சோலார் செல், மாத்திரைக்கான மூலப்பொருள். நாம கல்லை அனுப்பி கம்ப்யூட்டர் வாங்குறோம்னு சுருக்கமா சொல்லலாம்.

'அப்போ இறக்குமதியை நிறுத்திடலாமே பாஸ்?' அவ்வளவு ஈஸி இல்லை. அங்கே இருந்து வர்ற பாகங்களை வெச்சுத்தான் ஸ்ரீபெரும்புதூர்ல போன் அசெம்பிள் ஆகி அமெரிக்கா போகுது. அங்கே இருந்து வர்ற மருந்துப் பொடியில செஞ்ச மாத்திரையைத்தான் நாம உலகத்துக்கே விக்கிறோம். 2025 ஏப்ரல்ல சீனா, அரிய மண் காந்தங்களோட ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும், எலெக்ட்ரிக் வண்டி தயாரிக்கிற நம்ம கம்பெனிகள் திணறிப் போச்சு. கட்டைவிரல் அளவு காந்தம்தான். ஆனா அது இல்லைன்னா மோட்டார் சுத்தாது.

இன்னொரு பக்கம், அடி வாங்கினவங்களும் இருக்காங்க. பத்து ரூபா பிளாஸ்டிக் லைட்டர் வந்து குவிஞ்சப்போ, கோவில்பட்டி - சிவகாசி பக்கம் தீப்பெட்டித் தொழிலே ஆடிப்போச்சு. 20 ரூபாய்க்குக் கீழே விலை உள்ள லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023-ல் தடை போட்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. ஆக, 'சீனச் சரக்கு நல்லதா கெட்டதா'ன்னு ஒரே வார்த்தையில பட்டிமன்றத் தீர்ப்பு சொல்ல முடியாது. எந்தச் சரக்கு, யாரோட வேலையைப் பறிக்குது, யாருக்கு வேலை தருதுன்னு ஒவ்வொண்ணாத்தான் பார்க்கணும்.

இதுல ஷெராதாங்குக்கு ஒரு பெருமை உண்டு. நாடு முழுக்கக் கணக்குப் பார்த்தா நமக்குப் பற்றாக்குறை. ஆனா இந்தக் குட்டிச் சந்தையில மட்டும் பெரும்பாலான வருஷங்கள்ல நாம வித்ததுதான் அதிகம், வாங்கினது கம்மி!

சண்டை வந்தா யார் கடை மூடும்?

2017-ல் பக்கத்துல டோக்லாம்ல ரெண்டு ராணுவமும் மோதற மாதிரி நின்னப்போ, நாதுலா வழியா கைலாஷ் - மானசரோவர் போன யாத்ரீகர்கள் பாதியில திரும்பினாங்க. 2020-ல் முதல்ல கொரோனா வந்துச்சு. ஜூன்ல கல்வான் மோதல். நாதுலா சந்தை மூடிடுச்சு. மூடினது மூடினதுதான். அடுத்தடுத்த சீசன்கள் அப்படியே போச்சு. வனஸ்பதியும் போர்வையும் வித்தவர், லோடு அடிச்ச சுமோ டிரைவர், மூட்டை தூக்கினவர்... எல்லாரும் வேற பொழைப்பு தேட வேண்டியதாச்சு.

அதே சமயம் கடல்ல என்ன நடந்துச்சு தெரியுமா? டிவியில 'சீனப் பொருளைப் புறக்கணிப்போம்'னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. டிக்டாக்கைத் தடை பண்ணினாங்க. ஆனா கண்டெய்னர் வந்துக்கிட்டே இருந்துச்சு. கல்வானுக்கு அடுத்த வருஷம், 2021-லதான், ரெண்டு நாட்டு வியாபாரம் முதல்முறையா 10,000 கோடி டாலரைத் தாண்டுச்சு!

நாதுலாவுல நின்னு யோசிக்க வேண்டியது இதைத்தான். ரெண்டு அரசாங்கத்துக்கும் கோபம் வந்தா, அதைக் காட்டுறதுக்கு வசதியான இடம் மலை மேல இருக்கிற கேட். மூடினா செய்தி வரும், பெரிய நஷ்டம் வராது. துறைமுகத்தை மூடினா ஃபேக்டரி நின்னுடும், மருந்து விலை ஏறிடும், அதனால அதை யாரும் தொட மாட்டாங்க. கடைசியில ரெண்டு நாட்டுச் சண்டைக்கு ஃபைன் கட்டினது, எந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லாத சிக்கிம் சிறு வியாபாரியும், அந்தப் பக்கம் சும்பி பள்ளத்தாக்குல இருக்கிற திபெத்தியக் கடைக்காரரும்தான். ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்த்து, கை குலுக்கி, பேரம் பேசி வியாபாரம் பண்ணினவங்க அவங்க மட்டும்தான்.

கொஞ்சம் நல்ல செய்தியும் இருக்கு. 2025 ஜூன்ல மானசரோவர் யாத்திரை நாதுலா வழியா மறுபடியும் ஆரம்பிச்சுது. அதே வருஷம் ஆகஸ்ட்ல சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி டெல்லி வந்தப்போ, லிபுலேக், ஷிப்கிலா, நாதுலா மூணு வழியிலயும் எல்லை வியாபாரத்தைத் திரும்பத் தொடங்க ரெண்டு நாடும் ஒத்துக்கிச்சு. இந்தத் தடவை லிஸ்ட்டுல என்ன இருக்கப் போகுதுன்னு கவனிங்க. மறுபடியும் குதிரையும் யாக் வாலும்தான்னா, இன்னொரு போட்டோ விழா. சிக்கிமோட ஏலக்காய், பழம், கைத்தறி எல்லாம் வரி இல்லாம லாசா வரைக்கும் போக வழி பண்ணினா, மலை மேல இருக்கிறவங்களுக்கு உண்மையான பொழைப்பு.

காமர்ஸ், எகனாமிக்ஸ் பசங்களா? ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையாதீங்க. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் ஷெராதாங். இதைவிட நல்ல டாபிக் கிடைக்காது.

கிளம்புறவங்க கவனத்துக்கு...

* நாதுலா போக பெர்மிட் கட்டாயம். கேங்டாக்ல பதிவு பெற்ற டிராவல் ஏஜென்ட் மூலமா முதல் நாளே வாங்கிடணும். அடையாள அட்டை நகலும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கையில இருக்கட்டும். வெளிநாட்டுக்காரங்களுக்கு அனுமதி இல்லை.

* திங்கள், செவ்வாய் சுற்றுலாப் பயணிகளுக்கு லீவு. புதன்ல இருந்து ஞாயிறு வரைக்கும்தான். பனி கொட்டினா அன்னிக்கும் கேன்சல்.

* எல்லையில போட்டோ எடுக்கக் கூடாது. ஜவான் 'நோ' சொன்னா நோதான். செல்ஃபி ஆசையை சோம்கோ ஏரியிலயே தீர்த்துக்கோங்க.

* ஆஸ்துமா, இதயப் பிரச்னை உள்ளவங்க டாக்டரைக் கேட்காம கிளம்பாதீங்க. கேங்டாக்ல ஒரு ராத்திரியாவது தங்கி உடம்பைப் பழக்கிட்டு ஏறுங்க.

* பனியைப் பார்த்ததும் ரோட்டை விட்டு இறங்கி ஓடாதீங்க. 2023 ஏப்ரல்ல இந்த ரோட்டுலதான் பனிச்சரிவுல சிக்கி ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தாங்க. டிரைவர் பேச்சைக் கேளுங்க.

* போற வழியில ஷெராதாங் வந்ததும் டிரைவர்கிட்ட, 'அண்ணா, சந்தை நடந்த இடம் எது?'ன்னு கேளுங்க. நிறைய பேர் கேட்கிறதில்லை, கேங்டாக் டிரைவர்கிட்ட சொல்றதுக்கு நிறைய கதை இருக்கும்.